காலி எடை

பர்கூர் சாலையில் எங்கள் எடைமேடை
அறுபது டன் தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்கில்லை.
நான்கு கூடினால் தள்ளிவிடும்,
ஆறு கூடினால் பத்தாக்கிவிடும்.
இயந்திரத்துக்கும் ஒரு பெருந்தன்மை.

ராத்திரி ஷிஃப்ட் ஏறும்போது
ஓசூரில் செய்த என் பழைய வண்டியோடு
மேடை நடுவில் நிற்பேன்,
விழித்திருக்கிறதா என்று பார்க்க.
வருகிற எண்ணை நோட்டில் எழுதி
கீழே கையெழுத்து: முனிரத்தினம்.
பத்தொன்பது வருஷமாக.

காலி எடைக்குத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வந்து
லோடோடு வரும்போது திறந்துவிடுகிறவன்,
க்ளீனரைச் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைக்கிறவன்,
எல்லோரையும் பிடித்திருக்கிறேன்.
"இறங்கு தம்பி, நீ ஐம்பது கிலோ."

போன வைகாசியில் முத்திரை வைக்க வந்த ஆய்வாளரம்மா
நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினார்.
பகல் தூக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
அதே வண்டி, அதே ஆள் என்கிறீர்கள்.
ஆரம்பத்தில் நூற்றெழுபது,
இப்போது இருநூற்றுப் பத்து.
மேடை பழுது. சீல் வைக்க வேண்டியதுதான்.

முதலாளி என்னைப் பார்த்தார்.
வெளியே கூழ் ஆலைக்குப் போகிற மாங்காய் லாரி ஏழு.
மேடை சரிதான் மேடம், என்றேன்.
நான்தான்.

அவர் சிரித்திருக்கலாம்.
சோதனைக் கற்களை இறக்கி ஒரு மணி நேரம் பார்த்து
மேடையில் பிழையில்லை என்று
அரசாங்க முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு பழைய நோட்டெல்லாம் இறக்கினேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை நூற்றெண்பது.
புதன்கிழமை நூற்றுத் தொண்ணூறு.
ஒரே ராத்திரியில் பத்துக் கிலோ!
என்னத்தைத் தின்றேன் அந்தச் செவ்வாயில்?
எல்லாச் செவ்வாயும் போல
தாபாவில் நள்ளிரவுக்கு மூன்று பரோட்டா,
சின்னவள் தட்டில் மிச்சம் வைத்த சோறு,
ஆனி மாதமென்றால் டிரைவர்கள் நீட்டுகிற பெங்களூரா,
உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு.

சட்டை சுருங்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன் ஒருமுறை.
"எல்லாச் சட்டையுமா?" என்றாள் நாகவேணி.

நூற்றெண்பதிலேயே ஐந்து வருஷம் நின்றிருக்கிறேன்
எண் நகராமல்.
அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விடிந்ததும் சாவியை ஆணியில் மாட்டினேன்.
வண்டி சோதனைக்கு மட்டும், இங்கேயே கிடக்கட்டும்.
கட்டிகானப்பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர்.
மேம்பாலத்தடியிலேயே மூச்சு முட்டியது.
லாரியை மெதுவாக்கி நூருல்லா கேட்டான்:
"பஞ்சரா அண்ணா?"
ஆமாம் என்றேன்.
"எந்த வீல்?"

ஞாயிறுகளில் சையத் பாஷா மலை.
பாதிக்கு மேல் இன்னும் போனதில்லை.
அங்கே உட்கார்ந்து பார்த்தால்
நெடுஞ்சாலையில் லாரிகள்
எடையே இல்லாமல் ஊர்கின்றன.
பரோட்டா இரண்டாகியிருக்கிறது, ஒன்றாகவில்லை.
பெங்களூராவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எழுபத்தொரு நாள் நோட்டில்
இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து.
பெல்ட்டுக்குத் தெரிந்துவிட்டது,
மேடைக்குத் தெரியவில்லை.
இத்தனை வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை
இப்போது எரிச்சலாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் ஏறினேன்.
சிவப்பு எண்கள் நிலைகொள்ளவில்லை.
இருநூற்றுப் பத்து.
இருநூறு.
இருநூற்றுப் பத்து.
மூச்சை இழுத்துப் பிடித்தேன். விட்டேன்.
சட்டைப்பையிலிருந்து சில்லறையை, போனை எடுத்து
திண்டில் வைத்தேன்.
செருப்பைக் கழற்றி மேடைக்கு வெளியே வீசினேன்.

பின்னால் கல் லாரியில்
எப்போதோ நான் இறக்கிவிட்ட க்ளீனர் பையன்
கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினான்.
"அண்ணே, செருப்பு எடையில சேராதா?"

தார் இன்னும் சுட்டது.
வெறுங்காலோடு போய் எடுத்துவந்து
மாட்டிக்கொண்டு
மறுபடி ஏறி நிற்கிறேன்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.